மாசிமீ யார்?

போன மாதம் ஒரு வாசகருக்குப் பதில் எழுதும்போது, கல்லறைக் கல்லில் வெட்டுவதற்குத் தமிழ் எழுத்து எழுதிக் கொடுப்பதும் என் வேலைகளில் ஒன்று என்று போகிற போக்கில் சொல்லியிருந்தேன். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அதைப் பற்றியே இருந்தன. சமையல், சாமி, பிள்ளைகள் படிப்பு பற்றிக் கேட்டவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். உங்கள் கேள்விகளுக்கு அடுத்த இதழில் பதில் வரும்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: நான் ரங்கூனில் பிறந்து வளர்ந்தவள். கோயில் மண்டபத்தில் 40 வருடமாகப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்கிறேன். பர்மிய மொழியில் ஆசிரியைக்குச் சயாமா என்று பெயர். இங்கே தமிழர்களுக்கும் நான் சயாமாதான்.

•

சயாமா, என் கொள்ளுத் தாத்தா ரங்கூனில் இறந்தவர். 1964-ல் எங்கள் பெரியப்பா கப்பல் ஏறுவதற்கு முதல் நாள் இடுகாட்டுக்குப் போய், கல்லில் இருந்ததை ஒரு நோட்டில் அப்படியே பார்த்து எழுதிக்கொண்டு வந்தார். அதில் தாத்தா பெயருக்குக் கீழே ‘பிரசோற்பத்தி’, அப்புறம் ‘மாசிமீ யஉஉ’ என்று இருக்கிறது. மா சி மீ என்பது தாத்தா அங்கே கட்டிக்கொண்ட பர்மாக்காரியின் பெயர் என்று வீட்டில் சொல்வார்கள். கொள்ளுப் பாட்டி சாகும்வரை தாத்தா பேச்சையே எடுத்ததில்லை. அந்த அம்மாளின் வம்சத்தில் யாராவது இருக்கிறார்களா என்று விசாரித்துச் சொல்ல முடியுமா?
— வாசகி, வியாசர்பாடி, சென்னை

அம்மா, உங்கள் கடிதத்தை நான் மூன்று தடவை படித்தேன். நோட்டுப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பியது நல்லதாகப் போயிற்று.

மாசிமீ ஒரு பெண்ணின் பெயர் இல்லை. அது மாசி மாதம்.

அந்தக் காலத்தில் வருடம், மாதம், தேதி என்று நீட்டி எழுதமாட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு குறி உண்டு. வருடத்துக்கு ௵, மாதத்துக்கு ௴, தேதிக்கு ௳. மாதக் குறி பார்வைக்கு ‘மீ’ போலவே இருக்கும். தேதிக் குறி ‘உ’ மாதிரி இருக்கும். எண்களையும் தமிழ் எண்ணிலேயே வெட்டுவார்கள். பத்துக்கு உரிய ௰, ‘ய’ போல இருக்கும். இரண்டுக்கு உரிய ௨, ‘உ’-வேதான். ஆகவே ‘ய உ’ என்றால் 12. அடுத்த ‘உ’ தேதி. மொத்தத்தையும் சேர்த்துப் படித்தால்: பிரசோற்பத்தி வருடம், மாசி மாதம், 12-ஆம் தேதி. உங்கள் தாத்தா இறந்த நாள் அது.

பெரியப்பா மேல் ஒரு குற்றமும் இல்லை. அவர் தலைமுறையில் பலர் இங்கே பர்மியப் பள்ளியில் படித்தவர்கள். பழைய தமிழ் எண் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஒரு வளைவு விடாமல் பார்த்து வரைந்திருக்கிறார். தன் மனசுக்குத் தோன்றியபடி திருத்தி எழுதியிருந்தால் நமக்கு எதுவுமே கிடைத்திருக்காது. கப்பல் ஏறுகிற அவசரத்தில் அந்த ஒரு மணி நேரத்தை ஒதுக்கியிருக்கிறாரே, அவருக்கு என் கும்பிடு.

இப்போது வருடத்துக்கு வருவோம். தமிழ் வருடப் பெயர் 60 வருடத்துக்கு ஒருமுறை திரும்ப வரும். பிரசோற்பத்தி 1871 ஏப்ரலில் ஒருமுறை பிறந்தது, 1931 ஏப்ரலில் மறுபடி பிறந்தது. உங்கள் தாத்தாவின் தம்பி 1925-ல் அவரிடமிருந்து ஒரு கடிதம் பெற்றதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் இரண்டாவதுதான். இங்கேதான் பலரும் தவறுவார்கள்: 1931 என்று குறித்துக்கொள்வார்கள். சித்திரையில் பிறந்த வருடத்தில் தையும் மாசியும் பங்குனியும் அடுத்த ஆங்கில வருடத்தில் போய் விழும். மாசி 12 என்பது 1932 பிப்ரவரி 23 அல்லது 24. அந்த வருடப் பஞ்சாங்கம் கிடைத்தால் நாளைச் சரியாகச் சொல்லிவிடலாம். திதியும் தெரிந்துவிடும்.

தமிழர்கள் இங்கே பர்மியப் பெண்களைக் கட்டிக்கொண்டதே இல்லையா என்றால், நிறையவே நடந்தது. உங்கள் தாத்தா வாழ்க்கையில் என்ன நடந்தது என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கல்லில் இன்னொரு பெண் இல்லை. கொள்ளுப் பாட்டியின் படம் வீட்டில் இருந்தால், அதற்குப் பூ வைக்கும்போது யாராவது ஒருவர் இதை வாய்விட்டுச் சொல்லுங்கள்.

மற்றவர்களுக்கு: பழைய கல்லில் அர்த்தமில்லாத எழுத்துகள் வந்தால் எண்ணாக இருக்குமோ என்று முதலில் பாருங்கள். ஒன்று முதல் பத்து வரை க, உ, ங, ச, ரு, சு, எ, அ, கூ, ய என்கிற எழுத்துகளின் சாயலில்தான் வரும். தகப்பனார் பெயரின் தலையெழுத்து என்று நினைத்து ஒரு வீட்டார் வருடக் கணக்கில் வைத்திருந்த ‘ரு’ கடைசியில் ஐந்தாம் தேதி என்று தெரிந்தது.

•

எங்கள் அப்பாயியின் பளிங்குக் கல் தஞ்சாவூரிலிருந்து போன உறவினர்கள் பார்த்தபோது பச்சையாகப் பாசி பிடித்து, எழுத்தே தெரியவில்லை. ஆசிட் ஊற்றிக் கழுவச் சொல்லலாமா?
— வாசகர், தஞ்சாவூர்

வேண்டவே வேண்டாம். பளிங்கு சுண்ணாம்பு வகைக் கல். ஆசிட் பட்டால் நுரைத்துக் கரையும். பாசியோடு எழுத்தும் போகும். இங்கே சில வீடுகளில் குத்துவிளக்கு தேய்க்கிற மாதிரி புளியும் எலுமிச்சையும் போட்டுத் தேய்க்கிறார்கள். அதுவும் புளிப்புதானே, மெதுவாக அதே வேலையைச் செய்யும். கம்பி பிரஷ்ஷும் ஆகாது. வெறும் தண்ணீர், மெத்தென்ற தேங்காய் நார், மரக்குச்சி போதும். கல்லை முதலில் நன்றாக நனைத்து, கீழிருந்து மேலாகத் தேய்க்கச் சொல்லுங்கள். ஒரே நாளில் வெள்ளையாக்க நினைக்க வேண்டாம்.

ரங்கூனில் மே முதல் அக்டோபர் வரை மழைதான். தமிழ்க் கத்தோலிக்கர்கள் நவம்பர் 2, கல்லறைத் திருநாளுக்காக அக்டோபர் கடைசியில் கல்லறைகளைக் கழுவிச் சுண்ணாம்பு அடிப்பார்கள். ஈரம் இன்னும் காயாத, பாசி இலகுவாக விடுகிற நேரம் அது. நாமும் அந்த நாளையே வைத்துக்கொள்ளலாம்.

எழுத்தைப் படிப்பதுதான் நோக்கம் என்றால் சாயங்காலம் போகச் சொல்லுங்கள். டார்ச் விளக்கை நேராக அடிக்காமல், கல்லின் பக்கத்தில் ஒட்டிப் பிடித்து அடித்தால் வெட்டின பள்ளத்தில் நிழல் விழும். பகலில் ஒன்றுமே தெரியாத கல்லில் நாலு வரி எழும்பி வரும். அந்த நேரம் எடுத்த படம்தான் எனக்குப் பயன்படும்.

•

பகதூர் ஷா ஜாபரின் சமாதி ரங்கூனில் இருக்கிறதாமே. அது உண்மையான இடம்தானா?
— வாசகர், மதுரை

இப்போது உண்மையான இடம். ஆனால் வெகுகாலம் அப்படி இல்லை.

டில்லியின் கடைசி பாதுஷா 1862 நவம்பர் 7-ஆம் தேதி இங்கே சிறைக் காவலில் இறந்தார். அன்றைக்கே சாயங்காலம் அடக்கம் செய்து, மேட்டைத் தரையோடு சமமாக்கிப் புல்லைப் பதித்தார்கள். சுற்றிலும் ஒரு மூங்கில் வேலி. வேலி இற்று விழுகிற காலத்தில் புல் மூடியிருக்கும், அடையாளம் எதுவும் மிஞ்சாது என்று பொறுப்பிலிருந்த வெள்ளைக்கார அதிகாரி மேலிடத்துக்கு எழுதியே வைத்தார். அவர் நினைத்தபடியே ஆயிற்று. ரங்கூன் முஸ்லிம்கள் விடாமல் கேட்டதன் பேரில் 1907-ல் ஒரு கல் வைக்கச் சம்மதித்தார்கள். அதில்கூட ‘இந்த இடத்துக்கு அருகே’ அடக்கம் செய்யப்பட்டார் என்றுதான் வெட்ட முடிந்தது. 1943-ல் சுபாஷ் சந்திர போஸ் வந்து வணங்கியதும் அந்த இடத்தில்தான். 1991-ல் வடிகால் தோண்டிய ஆட்களின் கடப்பாரை 3 அடி ஆழத்தில் செங்கல்லில் இடித்தது. கல் இருந்த இடத்திலிருந்து ஏறக்குறைய 25 அடி தள்ளி, நிஜமான கல்லறை.

ஷ்வேடகோன் பகோடாவுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. வந்தால் நிச்சயம் பாருங்கள், கீழ்த்தளத்துக்கு இறங்கிப் பாருங்கள். தமிழ் முஸ்லிம் குடும்பங்கள் பிள்ளைகளோடு வந்து ஓதிவிட்டுப் போவதை நான் பார்த்திருக்கிறேன். பர்மாவின் கடைசி அரசர் தீபோ 1916-ல் இறந்து இந்தியாவில், ரத்தினகிரியில் கிடக்கிறார். இரண்டு தேசமும் ஒன்றின் அரசரை மற்றொன்று வைத்துக்கொண்டிருக்கின்றன. அந்தத் தரையடியில் நிற்கும்போது எனக்கு இதுதான் தோன்றும்.

•

நாங்கள் எரிக்கிறவர்கள். சாம்பலை ஆற்றில் கரைத்த பிறகு கல் எதற்கு?
— வாசகர், கோயம்புத்தூர்

சாஸ்திரப்படி தேவையில்லை. கருமாதிக்கு ஊன்றுகிற கல்லைக்கூட காரியம் முடிந்ததும் எடுத்து நீரில் விட்டுவிடுகிறோம். பத்து நாளைக்கு இறந்தவர் நிற்க ஒரு இடம், அவ்வளவுதான்.

ஆனால் ரங்கூனுக்கு வடக்கே தவுக்கியான் போர்க் கல்லறைத் தோட்டத்தைப் பார்த்தபின் என் எண்ணம் கொஞ்சம் மாறியது. இரண்டாம் உலகப் போரில் இறந்த 6,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு அங்கே வரிசை வரிசையாகக் கல் உண்டு. உடல் கிடைக்காத ஏறக்குறைய 27,000 பேரின் பெயர்களைத் தூண்களில் வெட்டியிருக்கிறார்கள். அது போக, தங்கள் மத வழக்கப்படி எரியூட்டப்பட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்குத் தனியாக ஒரு நினைவிடம். அங்கே சாம்பலும் இல்லை, எலும்பும் இல்லை, பெயர் மட்டும்தான். நான் போன அன்று இந்தியாவிலிருந்து வந்த ஒரு வயதானவர் தன் சித்தப்பாவின் பெயரைக் கண்டுபிடித்து, உள்ளங்கையை அதன்மேல் வைத்தபடி வெகுநேரம் நின்றார். வெயில் பட்டுக் கல் சுடுகிற நேரம். கையை எடுக்கவே இல்லை.

வீட்டு மதிலில் ஒரு சின்னப் பலகை போதும். பெயர், ஊர், நாள்.

•

போன ஆவணியில் அப்பா தவறிவிட்டார். அடையாள அட்டையிலும் பட்டறையிலும் அவருக்குப் பர்மியப் பெயர். வீட்டிலும் கோயிலிலும் தமிழ்ப் பெயர். கல்லில் எதை வெட்டுவது? பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் படிக்க வராது. தம்பி பர்மியம் மட்டும் போதும் என்கிறான். அம்மா அழுகிறார்.
— வாசகி, தாமுவே, ரங்கூன்

தங்கச்சி, இரண்டையும் வெட்டுங்கள். தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது. 1965-ல் தனியார் பள்ளிகளை அரசாங்கம் எடுத்துக்கொண்ட பிறகு தமிழ் கோயில் திண்ணைக்கு வந்துவிட்டது. படிக்கிற கண்ணுக்குப் பர்மிய எழுத்து வேண்டும். ஆனால் பர்மியப் பெயரில் தகப்பன் பெயரும் வராது, ஊரும் வராது. அதே பெயரில் இந்த நகரத்தில் ஆயிரம் பேர் இருப்பார்கள். அதை மட்டும் வெட்டினால் 50 வருடம் கழித்து வருகிறவர், இவர்தான் நம்மவர் என்று எதைக்கொண்டு தெரிந்துகொள்வார்? தமிழில் அப்பாவின் பெயர், தாத்தாவின் பெயர், வந்த ஊர், தாலுகா என்று நாலையும் வெட்டுங்கள். ‘அன்புள்ளம் கொண்டவர்’, ‘குடும்ப விளக்கு’ எல்லாம் இடம் மிஞ்சினால் பார்க்கலாம். ஊர்ப் பெயரை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. என் அப்பா கடைகளுக்குப் பெயர்ப் பலகை எழுதியவர். எழுத்தை எனக்கு அவர்தான் கற்றுக் கொடுத்தார். 1983-ல் அவர் போனபோது எனக்கு 24 வயது. அவர் கல்லுக்கு நான்தான் தாளில் எழுதிக் கொடுத்தேன். அதுதான் நான் எழுதிய முதல் கல். நம்மில் பெண்கள் இடுகாட்டுக்குப் போவதில்லை, ஆகவே வெட்டின கல்லை நான் பார்க்கவில்லை. 1990-களில் அந்த இடத்தைக் காலி செய்யச் சொல்லி அறிவிப்பு வந்தது. கொடுத்த நாள் மிகக் குறைவு. அண்ணன் மாண்டலேயில் இருந்தான். வேறு வழியில்லாமல் நானே போனேன்.

பத்து வருடத்துக்கு மேல் கழித்து என் கையெழுத்தைக் கல்லில் பார்த்தேன். ‘தோற்றம்’ என்பதில் ‘ற்’ மேல் புள்ளி இல்லை. ‘மறைவு’ சரியாக இருந்தது. செதுக்கியவர் பர்மியர், புள்ளியைத் தாளில் பட்ட அழுக்கு என்று நினைத்திருப்பார். எலும்பை ஒரு மண்பானையில் போட்டுத் துணி கட்டிக் கொடுத்தார்கள். கல்லைத் தூக்கிப்போக வண்டி கிடைக்கவில்லை. பையில் பிள்ளைகளின் நோட்டு இருந்தது. தாள்களைக் கிழித்து, கல்மேல் வைத்துப் பென்சிலால் தேய்த்து, நாலு தாளில் அப்பா பெயரை எடுத்துக்கொண்டு வந்தேன். அந்த நாலு தாள் இன்னும் பெட்டியில் இருக்கிறது. கல் எங்கே போனதோ தெரியாது.

அதிலிருந்து நான் எழுதிக் கொடுக்கிற எந்தத் தாளிலும் புள்ளிகளைச் சிவப்புப் பென்சிலில் வைப்பேன். தாளின் அடியில் புள்ளி மொத்தம் எத்தனை என்று பர்மிய எண்ணில் எழுதுவேன். செதுக்குகிறவர் எண்ணிப் பார்த்து, கணக்கு சரி என்றால்தான் கல்லைக் கொடுப்பார். நாங்கள் இருவரும் சேர்ந்து வேலை செய்து 20 வருடத்துக்கு மேல் ஆகிறது. அவருக்குத் தமிழ் ஒரு எழுத்தும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் ‘ப’-வைத் தொட்டு “பா” என்றார், ‘ய’-வைத் தொட்டு “யா” என்றார். பர்மியத்திலும் அந்த இரண்டுக்கும் கிட்டத்தட்ட அதே வடிவம், அதே ஓசை. இரண்டு எழுத்தும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். ‘ட’ மட்டும் அவருக்கு இன்றுவரை வராது. பர்மிய எழுத்து உருண்டை பழகிய கை, மூலையை வளைத்துவிடும். ‘ட’ வருகிற இடத்தில் மட்டும் நான் அடிக்குச்சி வைத்து மூலையைக் குறித்துக் கொடுக்கிறேன்.

அப்பாவின் பெயரையும் ஊரையும் எழுதி, அம்மாவிடம் ஒருதடவை வாசித்துக் காட்டிவிட்டு அனுப்புங்கள். ஊர்ப் பெயரை அம்மா எப்படிச் சொல்கிறாரோ அப்படியே எழுதுங்கள். நான் தாள் போட்டுத் தருகிறேன். காசு வேண்டாம். மேலே பர்மியம், கீழே தமிழ், இரண்டும் ஒரே உயரம்.

•

என் அப்பாவின் அம்மா 1942-ல் நடந்துபோன கூட்டத்தில் வழியில் இறந்தவர். எந்த இடம் என்று தெரியாது. அப்பாவும் இப்போது இல்லை. பாட்டிக்கு ஒரு கல் வைக்க ஆசை. எங்கே வைப்பது?
— வாசகர், பெகு

1941 டிசம்பர் 23-ஆம் தேதி ரங்கூனில் முதல் குண்டு விழுந்தது. அதற்குப் பிறகு ஏறக்குறைய 5 லட்சம் இந்தியர்கள் பர்மாவை விட்டுக் கிளம்பினார்கள். கப்பலில் இடம் கிடைக்காதவர்கள் தவுங்கூப் கணவாய் வழியாக அரக்கானுக்கும், எல்லை ஊரான தாமு வழியாக மணிப்பூருக்கும், கடைசியில் போனவர்கள் ஹுக்காங் பள்ளத்தாக்கு வழியாக அஸ்ஸாமுக்கும் நடந்தார்கள். காலராவிலும் பசியிலும் வழியில் விழுந்தவர்கள் பல்லாயிரம். நின்று குழி தோண்ட யாருக்கும் தெம்பு இல்லை. அவர்களில் யாருக்கும் கல் இல்லை.

ரங்கூனுக்குப் பக்கத்து ஊரான தன்லினில் ஒரு குடும்பம் செய்ததைச் சொல்கிறேன். மகனின் கல்லிலேயே, அவர் பெயருக்குக் கீழே ஒரு கோடு போட்டு, ‘இவர் தாயார்’ என்று தொடங்கி, பெயரையும் பிறந்த ஊரையும் வெட்டி, ‘1942, தாமு வழி’ என்று முடிக்கச் சொன்னார்கள். சமாதி என்றோ மறைவு என்றோ போடவில்லை. எழுதிக் கொடுக்கும்போது எனக்குக் கை நடுங்கியது. அந்த அம்மாளைப் பற்றி உலகத்தில் மிஞ்சியது அந்த ஒரு வரிதான். அதனால் 19 புள்ளியையும் மூன்று தடவை எண்ணினேன்.

உங்கள் அப்பாவின் கல்லில் பாட்டியை எழுதுங்கள். எந்த வழியில் நடந்தார்கள் என்று வீட்டில் யாருக்காவது ஞாபகம் இருந்தால் அதையும் சேருங்கள், தெரியாவிட்டால் வருடம் போதும். முன்பக்கம் இடம் இல்லை என்றால் கவலைப்பட வேண்டாம், கல்லின் பக்கவாட்டில் வெட்டலாம். அங்கே மழை நேராக அடிக்காது. எழுத்து அதிக நாள் நிற்கும்.